கப்பல் பயணம் வேண்டாம் என்னும் கணவரை எப்படி அழைத்துச் செல்வது?

பாலக்காடு மாவட்டம் வேலந்தாவளம் பக்கம் தென்னந்தோப்பும் நான்கு கறவை மாடுகளும் வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த, ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சகோதரியின் கேள்விக்கு இதைப் பதிலாக எழுதுகிறேன். அவருடைய கணவருக்கு வரும் தை மாதம் அறுபது வயது நிறைகிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு பெற்றோர் இருவரையும் அங்கிருந்து மலேசியாவின் பினாங்கு, போர்ட் கிள்ளான் போய்த் திரும்பும் நான்கு நாள் சொகுசுக் கப்பலில் அனுப்பிவைக்க விரும்புகிறார். சகோதரிக்குக் கப்பலில் போக வேண்டும் என்பது சிறு வயது முதலே உள்ள ஆசை. கணவரோ, "நாலு நாள் தண்ணிக்கு நடுவுல அடைச்சு வெச்சா நான் என்ன பண்ணுவேன்? வேணும்னா உன் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டாராம். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது, அவரிடம் சொல்லாமலே டிக்கெட் எடுத்துவிட்டால் வேறு வழியின்றி வந்துவிடுவாரா என்று சகோதரி கேட்கிறார்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பயணிகள் கப்பல்களில் அறைப் பராமரிப்புப் பிரிவில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். ஆசையோடு ஏறியவர்களையும், மனைவிக்காகவோ கணவருக்காகவோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறியவர்களையும் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து சொல்லாமல் டிக்கெட் எடுக்காதீர்கள். கப்பல் டிக்கெட்டை ரத்து செய்தால், புறப்படும் நாள் நெருங்க நெருங்கத் திரும்பக் கிடைக்கும் தொகை குறைந்துகொண்டே வந்து, கடைசி வாரங்களில் பெரும்பாலும் ஒன்றுமே கிடைக்காது. அந்தப் பணம் வீணாகிவிடுமே என்று மனமில்லாமல் ஏறுகிற மனிதர் நான்கு நாளும் அந்தப் பணத்தைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். கட்டாயப்படுத்தி அழைத்துவரப்பட்டவர்களின் அறை எது என்பது எங்களுக்கு இரண்டாம் நாள் காலையிலேயே தெரிந்துவிடும். ஒருவர் வெளியே போயிருப்பார். மற்றவர் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, பகல் பதினொரு மணிக்குத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார்.

என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் நான் கற்றது அங்கேதான். கப்பலில் வேலை செய்கிறவர்கள் குறைந்த செலவில் குடும்பத்தைச் சில நாட்கள் உடன் அழைத்துக்கொள்ள நிறுவனங்கள் இடம் கொடுப்பதுண்டு. எனக்கும் அந்த வாய்ப்பு மூன்று முறை வந்தது. மூன்று முறையும் என் மனைவி மறுத்துவிட்டாள். பாலக்காடு கடற்கரையே இல்லாத மாவட்டம், இவள் கடலைப் பார்த்ததே குருவாயூருக்குப் போன வழியில் சாவக்காட்டில்தான், எனவே தண்ணீரைக் கண்டு பயப்படுகிறாள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். கப்பலின் நீளம் எவ்வளவு, உயிர்காப்புப் படகுகள் எத்தனை, எவ்வளவு பெரிய அலையைத் தாங்கும் என்று ஒவ்வொரு விடுமுறையிலும் பாடம் நடத்தினேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் வரவில்லை. நான் வேலையை விட்டு வந்த பிறகு ஒரு நாள், பேச்சோடு பேச்சாக, "வருஷத்துல ஒன்பது மாசம் உங்களைக் கொண்டுபோய் வெச்சுக்கிட்டது அந்தக் கப்பல்தானே, அதுல ஏறி நான் எதுக்குச் சிரிக்கணும்?" என்றாள். பயத்துக்கும் அவளுடைய மறுப்புக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. கேட்கப்படாத கேள்விக்குப் பத்து வருஷம் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே, முதலில் உங்கள் கணவர் சொன்ன வாக்கியத்தையே திரும்பப் படித்துப் பாருங்கள். மூழ்கிவிடும் என்றோ பணம் விரயம் என்றோ அவர் சொல்லவில்லை. "அடைச்சு வெச்சா" என்றும் "என்ன பண்ணுவேன்" என்றும்தான் சொல்லியிருக்கிறார். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு, மோட்டார் போட்டு, தோப்பைச் சுற்றி வந்து அதன் பிறகே காலைச் சாப்பாட்டுக்கு உட்காருகிற ஒரு மனிதருக்கு, வேலையே இல்லாத நாள் என்பது ஓய்வாகத் தோன்றாது, தண்டனையாகத் தோன்றும். அதற்கும் அடியில் அவர் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றிரண்டு இருக்கக்கூடும். மாடுகளை யார் பார்ப்பார்கள் என்பதும், அந்த இடத்தில் எதை உடுத்துவது, யாரிடம் எந்த மொழியில் பேசுவது என்கிற கூச்சமும், மகனுடைய காசில் ஊர் சுற்றுகிறோமே என்கிற சங்கடமும் இந்த வயதில் நம் ஆண்களுக்கு இயல்பானவை. மகன் தொலைபேசியில் இருக்கும்போது இதைக் கேட்காதீர்கள். அப்போது வீம்புதான் பதிலாக வரும். தோப்பில் இருவரும் தனியாக இருக்கும் ஒரு மாலையில், "வர்றீங்களா" என்று கேட்காமல், "எதை நெனச்சா உங்களுக்கு வேண்டாம்னு தோணுது" என்று கேட்டுவிட்டுப் பதிலை இடைமறிக்காமல் கேளுங்கள். அவர் சொல்லும் காரணம் எதுவோ அதற்கு மட்டும் வழி செய்தால் போதும்.

மாடுகள்தான் காரணம் என்றால், அதை முதலில் தீர்க்க வேண்டும்; மற்ற எல்லாப் பேச்சும் அதற்குப் பிறகுதான். சிங்கப்பூர் போய் வருவதையும் சேர்த்தால் ஏழெட்டு நாள் ஆகும். கறவைக்கு வரும் ஆளை இப்போதே பேசி, ஒரு வாரம் அவர் உடன் இருக்கும்போதே கறக்க விட்டு, மாடுகளுக்குக் கை பழக வேண்டும். தேங்காய் வெட்டு முடிந்த வாரத்திற்கும் மாசியில் வரும் நெல் அறுப்புக்கும் நடுவில் நாளைக் குறித்தால், மனம் தோப்பிலேயே கிடக்காது.

"என்ன பண்ணுவேன்" என்பதற்கான பதிலில்தான் நம்மில் பலர் தவறு செய்கிறோம். நீச்சல் குளம், ஆட்டம் பாட்டம், அலங்கார விளக்கு என்று விளம்பரத் தாளைக் காட்டினால், அவர் நினைத்தது சரிதான் என்று அவருக்கு உறுதியாகிவிடும். விவசாயிக்குக் கப்பலில் பார்க்க இருப்பது வேறு. வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் கோடையில் குடிநீருக்கு லாரியை எதிர்பார்க்கிற பூமியில் பிறந்தவர் அவர். ஆளியாற்றிலிருந்து மணக்கடவு வழியாக நம் பாலக்காட்டுச் சித்தூருக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. தண்ணீர் வந்ததா இல்லையா என்று கணக்குப் பார்க்கிறவர்கள் நாம். அப்படிப்பட்டவரிடம், மூவாயிரம் பேர் குளித்து, துவைத்து, குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதியைக் கப்பல் கடல்நீரிலிருந்தே காய்ச்சியும் சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டியும் தானே தயாரித்துக்கொள்கிறது என்று சொல்லிப் பாருங்கள். பெரிய பயணிகள் கப்பல்களில் டீசல் எஞ்சின்கள் மின்சாரத்தை உற்பத்தி செய்து, அந்த மின்சாரமே கப்பலைத் தள்ளும் மோட்டார்களை ஓட்டுகிறது. மீதம் விளக்குக்கும் சமையலுக்கும் குளிர்சாதனத்துக்கும் போகிறது. ஒரு சிறு நகரத்தின் மின் நிலையமும் குடிநீர் வாரியமும் சாக்கடைச் சுத்திகரிப்பும் தண்ணீருக்கு மேலே ஒன்றாக நகர்ந்து போவதைப் போன்ற ஏற்பாடு அது. சில கப்பல்களில் தனிக் கட்டணம் செலுத்தினால் சமையற்கூடம், சலவைக்கூடம், எஞ்சின் கட்டுப்பாட்டறை எல்லாவற்றையும் அதிகாரி ஒருவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். மகன் வேறு எதற்குச் செலவழிக்கிறாரோ இல்லையோ, அந்தச் சுற்று இருந்தால் இதற்குச் செலவழிக்கச் சொல்லுங்கள். மனைவி இழுத்துக்கொண்டு வந்த ஆண்கள் பலர் முகம் மாறித் திரும்புவதை நான் அந்தச் சுற்று முடியும் கதவருகில்தான் அதிகமாகப் பார்த்தேன்.

"அடைச்சு வெச்சா" என்பதற்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை. கண்ணால்தான் பார்க்க வேண்டும். தைக்கு இன்னும் ஐந்து மாதம் இருப்பதால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. பெரிய பயணிகள் கப்பல் கொச்சிக்கு வந்து திரும்பும் ஒரு நாளாகப் பார்த்து, அவரைக் கூட்டிக்கொண்டு ஃபோர்ட் கொச்சிக்குப் போங்கள். கொச்சித் துறைமுகம் இருக்கும் வில்லிங்டன் தீவிலிருந்து கிளம்பும் எந்தக் கப்பலும் ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடைப்பட்ட வாய்க்கால் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். சீன வலைகளுக்குப் பக்கத்தில் நின்றால், ஏழெட்டு மாடிக் கட்டடம் ஒன்று சத்தமே இல்லாமல் நகர்ந்து வருவதைப்போல அது கண்ணெதிரே கடந்து போகும். என் மனைவியை நான் முதலில் கூட்டிக்கொண்டு போனது அங்கேதான். வறுத்த கடலைப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள், கப்பலின் மேல் தளத்திலிருந்து ஒரு குழந்தை கையாட்டியதைப் பார்த்து, தன்னையறியாமல் திரும்பக் கையாட்டினாள். பிறகு, "நம்ம சித்தூர்ப் புழைத் தண்ணி இந்தக் கடல்லதான் சேருதா?" என்று கேட்டாள். எங்கள் ஊர் ஆறான சித்தூர்ப் புழை பாரதப்புழையில் கலந்து, பொன்னானியில் கடலைத் தொடுகிறது. கொச்சியிலிருந்து அது வடக்கே இருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டினேன். அன்றைக்குக் கப்பலில் ஏறுவதைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வீடு திரும்பும் வழியில் ரயிலில் அவளாகத்தான் பேச்சை எடுத்தாள்.

அடுத்த படி, அரை நாள் மட்டும் கடலில் இருந்து பார்ப்பது. கேரள அரசின் கப்பல் மற்றும் உள்நாட்டு நீர்வழிக் கழகம் 2018 முதல் கொச்சி போல்காட்டியிலிருந்து 'நெஃபர்டிட்டி' என்னும் உல்லாசக் கப்பலை இயக்குகிறது. நாற்பத்தெட்டரை மீட்டர் நீளம், மூன்று தளம், இருநூறு பேர் போகலாம். சில மணி நேரம் அரபிக்கடலுக்குள் போய்த் திரும்பிவிடும். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பட்ஜெட் டூரிசம் பிரிவு பல டிப்போக்களிலிருந்து பேருந்தும் இந்தக் கப்பலும் சேர்ந்த பயணங்களை நடத்துகிறது. பாலக்காடு டிப்போவில் கேட்டால் நாள் விவரம் சொல்வார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்பதால் அந்த மாதங்களை விட்டுவிட்டு, துலாமழை என்னும் ஐப்பசி மழையும் அடங்கிய கார்த்திகை வாக்கில் போவது நல்லது. இதில் ஒன்றை மட்டும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்: சிறிய கப்பல் அதிகமாக ஆடும், பெரிய கப்பல் குறைவாக ஆடும். இதைச் சொல்லாவிட்டால், அரை நாளுக்கே இந்த ஆட்டம் என்றால் நான்கு நாள் எப்படி இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டுவிடுவார்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் 'ஜென்டிங் டிரீம்' போன்ற கப்பலின் நீளம் சுமார் 335 மீட்டர். நம் ரயில் பெட்டிகளில் பதினான்கை வரிசையாகக் கோத்தால் வருகிற நீளம். இத்தனை பெரிய கப்பல்களில் நீர்மட்டத்துக்குக் கீழே இரு பக்கமும் மீனின் துடுப்பைப்போன்ற அமைப்புகள் உண்டு. கப்பல் ஒரு பக்கம் சாயத் தொடங்கும்போதே அவை கோணத்தை மாற்றிக்கொண்டு அந்தச் சாய்வைத் தடுக்கும். அதோடு, சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும் போர்ட் கிள்ளானுக்கும் போகும் வழி மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் மலேசியத் தீபகற்பம், மறு பக்கம் சுமத்ரா என்று இரு கரையும் காவலாக நிற்பதால் திறந்த கடலைப்போல அங்கே பேரலை எழும்புவதில்லை. முதல் பயணத்துக்கு மகன் தேர்ந்தெடுத்த வழி மிகவும் பொருத்தமானது என்றே நான் சொல்வேன்.

தலைசுற்றலும் வாந்தியும் வரும் என்கிற பயம் இருந்தால், அவர் வால்பாறைப் பேருந்தில் எப்படி இருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். ஆளியாற்றிலிருந்து மேலே ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் எலுமிச்சம்பழம் இல்லாமல் தாண்டுகிறவர் என்றால், கடலில் பெரிய தொந்தரவு வர வாய்ப்புக் குறைவு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: உள்காது உடல் அசைகிறது என்று சொல்கிறது, எதிரே இருக்கும் சுவரைப் பார்க்கும் கண்ணோ அசைவே இல்லை என்கிறது, இந்த முரண்பாட்டில்தான் வயிறு புரளுகிறது. அதனால்தான் வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்தால் தெளிகிறது. மாத்திரை வேண்டுமென்றால் தலைசுற்றல் தொடங்கும் முன்பே போட வேண்டும். தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. ஆனால் இந்த மாத்திரைகளில் சில, கண் அழுத்த நோய் (குளுக்கோமா) உள்ளவர்களுக்கும் புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களுக்கும் ஒத்துக்கொள்ளாது. அறுபது வயதில் இருப்பதால், மருந்துக் கடையில் கேட்டு வாங்காமல் உங்கள் மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அறையைத் தேர்ந்தெடுப்பதில் மகனிடம் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். தயங்கி வருகிறவருக்கு ஜன்னல் இல்லாத உள் அறை எடுத்துக் காசு மிச்சம் பிடிப்பதைப்போன்ற தவறு வேறில்லை. அடைத்து வைப்பார்கள் என்று பயப்படுகிறவரை, விடிந்ததா இல்லையா என்றே தெரியாத நான்கு சுவர்களுக்குள் படுக்க வைத்தால், அவர் சொன்னதை நாமே நிரூபித்ததாக ஆகிவிடும். பால்கனி உள்ள அறை எடுங்கள்; அது முடியாவிட்டால் கடலைப் பார்க்கும் ஜன்னலாவது இருக்கட்டும். சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவாகத் தெரிவதைப்போல, கப்பலின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் விட நடுப்பகுதியிலும், மேல் தளங்களை விடக் கீழ்த் தளங்களிலும் அசைவு குறைவு. அதனால் பால்கனி அறைகள் தொடங்கும் தளங்களில் ஆகக் கீழான தளத்தில், நீளவாக்கில் நடுவாக இருக்கும் அறை எண்ணைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்கி மறைக்கிறதா என்பதையும் தளப் படத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். அறை எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும் என்கிற மலிவு விலை டிக்கெட்டும் உண்டு. நாட்டுக்கல்லில் இருக்கும் என் உறவினர் தம்பதிக்கு, விலை குறைவாக இருக்கிறதே என்று நான்தான் அப்படி ஒன்றை எடுத்துக்கொடுத்தேன். முன்முனையில், ஜன்னல் இல்லாத அறை கிடைத்தது. இரண்டு இரவும் அந்த அம்மா கட்டிலை விட்டு எழவில்லை. இத்தனை வருஷம் கப்பலில் இருந்தும் இதைச் செய்தேனே என்று அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். அவர்கள் இனி ஒருபோதும் ஏற மாட்டார்கள்.

பாதுகாப்பைப் பற்றி அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். டைட்டானிக் 1912-இல் மூழ்கியதைத் தொடர்ந்து, 1914-இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம் உருவானது. இப்போது நடைமுறையில் இருப்பது 1974-ஆம் ஆண்டின் ஒப்பந்தமும் அதன் திருத்தங்களும். தொலைதூரச் சர்வதேசப் பயணம் போகும் பயணிகள் கப்பலில், படகுகளும் மிதவைகளும் சேர்ந்து ஏறியிருக்கும் மொத்த ஆட்களுக்கும் மேலாகக் கால்பங்கு கூடுதலாக இடம் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. கப்பல் கிளம்பும் முன்பே எல்லாப் பயணிகளுக்கும் ஒத்திகை உண்டு. அதில் அசட்டையாக இருக்காமல், உங்களுக்குரிய கூடுமிடம் வரை இருவரும் ஒரு முறை நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள். வழி தெரிந்த இடத்தில் மனிதருக்குப் பயம் பாதியாகக் குறைந்துவிடும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்தியர்கள் நிறைய வருவதால் சோறு, பருப்பு, சப்பாத்தி, சைவக் குழம்பு எல்லாம் கிடைக்கும். சைவம் மட்டும்தான் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நம் ஊர் டிகிரி காப்பி மட்டும் கிடைக்காது. அதற்காகப் பெட்டியில் மின்சாரக் கெண்டியை வைத்துக்கொண்டு வராதீர்கள். தீ அபாயம் காரணமாகக் கெண்டி, இஸ்திரிப் பெட்டி, அரிசிக் குக்கர் எல்லாவற்றையும் ஏறும் இடத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மகள் கல்யாணச் சீரைப் பறிகொடுத்ததைப்போல ஒரு அம்மா தன் கெண்டிக்காக அழுததைப் பார்த்திருக்கிறேன். உணவுக் கூடத்தில் வெந்நீர் எந்நேரமும் இருக்கும். காப்பித்தூள் பாக்கெட்டும், கடையில் வாங்கிய உறை பிரிக்காத முறுக்கும் கையில் இருந்தால் போதும். வீட்டில் சமைத்த சாப்பாட்டை ஏற்ற விடமாட்டார்கள்.

உடுப்புக்கு அவர் கூச்சப்பட்டால், பகலெல்லாம் சட்டையும் பேன்டும் போதும் என்றும், உணவுக் கூடத்திலும் தளத்திலும் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்றும் சொல்லுங்கள். மொழிக்குக் கூச்சப்பட்டால், கப்பலில் வேலை பார்ப்பவர்களில் தமிழும் மலையாளமும் பேசுகிறவர்களைத் தேட வேண்டியிருக்காது. எங்கள் பெயர்ப்பட்டையில் ஊர் அல்லது நாட்டின் பெயர் இருக்கும். "பாலக்காட்டில் எங்கே" என்று ஒரு பயணி கேட்டுவிட்டால் அன்றைய களைப்பு எங்களுக்குப் பறந்துவிடும்.

ஆனால் உங்கள் கணவரை உண்மையாகவே அசைக்கக்கூடியது கப்பலை விட அது போய்ச் சேரும் இடங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பினாங்கில் கப்பல் நிற்கும் துறை ஜார்ஜ் டவுன் நகரின் விளிம்பிலேயே இருக்கிறது. அங்கிருந்து நடந்தே லிட்டில் இந்தியாவுக்குப் போய்விடலாம். குயின் தெருவில் 1833-இல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயிலில் சாமி கும்பிடலாம், வாழையிலையில் சாப்பிடலாம். போர்ட் கிள்ளானில் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான சாலைப் பயணத்தில் பத்துமலை. 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும், குகைக்கு ஏறும் 272 படிகளும் அங்கே இருக்கின்றன. பழநிக்குப் பாத யாத்திரை போகிற நம் பக்கத்து மனிதர் ஒருவரிடம், அறுபதாம் கல்யாணம் முடிந்து பத்துமலை முருகனைப் பார்த்துவிட்டு வரலாம், கப்பலில் போனால் வழியும் சுகம் என்று சொல்லும்போது பேச்சின் திசையே மாறிவிடும். தைப்பூசத்தன்று அங்கே லட்சக்கணக்கில் கூட்டம் கூடும் என்பதால், கரையில் சில மணி நேரம் மட்டுமே இருக்கும் கப்பல் பயணிகள் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது. கரைக்குப் போகும் நாளில் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாக வருகிறவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடவுச்சீட்டு பயண நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்ப நுழைவதால், விசா ஒருமுறைக்கு மேல் நுழைய இடம் தருவதாக இருக்க வேண்டும்; மலேசியாவுக்கு இந்தியர்களுக்கான விசா விலக்கு அந்த நாளில் நடப்பில் இருக்கிறதா என்பதை டிக்கெட் எடுக்கும்போது உறுதி செய்துகொள்ளுங்கள். கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் கட்டணம் டாலரில் கடுமையாக இருக்கும் என்பதால் பயணக் காப்பீட்டை விட்டுவிடக் கூடாது. கடலுக்குள் போனதும் கைபேசியை விமானப் பயண முறைக்கு மாற்றிவிடுங்கள். செயற்கைக்கோள் வழியாகப் போகும் ஒரு சாதாரண அழைப்புக்கே பெரும் தொகை வந்து நிற்கும். டிக்கெட்டில் அறை, சாப்பாடு, நிகழ்ச்சிகள் அடங்கும். ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம், இணையம், பானங்கள், கரைச் சுற்றுலா ஆகியவை பல கப்பல்களில் தனி. இதையெல்லாம் மகன் முன்பணமாகக் கட்டிவிடட்டும். அங்கே போய் ஒவ்வொரு தாளையும் பார்த்து ரூபாய்க் கணக்குப் போடுகிற நிலையில் உங்கள் கணவரை வைக்காதீர்கள்.

சிங்கப்பூர் என்பதே தொலைவு என்று அவர் நினைத்தால், கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் அரசுக் கப்பலை யோசிக்கலாம். 'எம்.வி. கவரத்தி' கப்பலில் ஐந்து நாள் பயணமாகக் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய மூன்று தீவுகளைக் காட்டும் 'சமுத்ரம்' என்ற ஏற்பாட்டை லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பு நடத்தி வந்திருக்கிறது. பகலில் தீவு, இரவில் கப்பல். விமானம் வேண்டாம், கடவுச்சீட்டு வேண்டாம், நுழைவு அனுமதி மட்டும் பெற வேண்டும். ஆடம்பரம் இல்லாத அந்தக் கப்பல் சில ஆண்களுக்குச் சொகுசுக் கப்பலை விட மனதுக்குப் பிடித்துப்போகிறது. ஆனால் அது திறந்த கடல், ஆட்டம் அதிகம், தீவுக்குள் போகச் சிறு படகில் இறங்க வேண்டியும் வரலாம். முழங்கால் வலி இருந்தால் யோசியுங்கள்.

எல்லாம் கூடி வந்து அவர் ஏறிவிட்டால், முதல் நாளில் அவரை எங்கும் இழுத்துக்கொண்டு அலையாதீர்கள். அவர் நாலரை மணிக்குத்தான் எழுவார், எழட்டும். அந்த நேரத்தில் திறந்த தளத்தில் எங்கள் ஆட்கள் தரையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள், வேறு யாரும் இருக்க மாட்டார்கள். சுற்றுப்பாதையில் பத்துச் சுற்று நடந்தால் தோப்பைச் சுற்றி வந்த கணக்காகிவிடும். என் மனைவி முதல் விடியலில் பால்கனி நாற்காலியில் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கப்பலின் அடிவயிற்றை உரசிக்கொண்டு போகும் தண்ணீரின் சத்தம், மதகு திறந்த வாய்க்கால் சத்தத்தைப்போலவே இருக்கிறது என்றாள். பதினேழு வருஷம் கேட்ட சத்தம். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் அவர் வேண்டாம் என்றே சொன்னால், சகோதரி, அதை மனதார ஏற்றுக்கொண்டு உங்கள் தங்கையோடு கிளம்புங்கள். அவரே சொன்ன வழிதானே அது, அதில் குற்றவுணர்வுக்கு இடமில்லை. அறுபதாம் கல்யாணத்தோடு அதைச் சேர்க்காமல், பங்குனியில் தனியாகப் போய் வாருங்கள். பத்துமலைப் படியில் நின்று எடுத்த படத்தையும் கோயில் விபூதியையும் கொண்டுவந்து அவரிடம் கொடுங்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் அறையைப் பார்த்தீர்களானால், மணிக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள், ஏனென்றால் அவர் முதலில் அதைத்தான் கேட்பார்.